மலேயாத் தோட்டத்துப் பள்ளிக்கூடம்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பகக் கூட்டமொன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்தைப் பற்றி இன்று பேச வேண்டுமென்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெரிய படிப்பாளி அல்ல. பத்தாவது பாஸ் செய்ததோடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குமேல் எனக்குக் கிடைத்த படிப்பெல்லாம் சங்க ஆபீசிலும், ஆலை வாசலிலும், வயல் வரப்பிலும் உங்களிடம் கற்றதுதான். ஆகவே புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசப் போவதில்லை. என் சொந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நடந்த கதையைச் சொல்லப் போகிறேன். அது நடந்தது இங்கே அல்ல. கடலுக்கு அப்பால், மலேயாவில். 1963 முதல் அந்த நாட்டுக்கு மலேசியா என்று பெயர்.

ஏன் அந்த ஊர்க் கதை என்று கேட்பீர்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர், இன்னும் பல சாதி ஜனங்கள் சேர்ந்து வாழும் நாடு அது. ஒரே தெருவில் நாலு பாஷை கேட்கும். அப்படிப்பட்ட நாட்டில் தொழிலாளியின் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது, எந்தப் பாஷையில் படிப்பது என்ற கேள்வி நூறு வருஷமாக நடக்கிறது. அந்தக் கேள்வி இப்போது நம் ஆலை வாசலுக்கும் வந்து நிற்கிறது. எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சின்னத் தாத்தாவின் நாலாம் வகுப்பு

என் பாட்டனாருக்கு ஒரு தம்பி. 1937ல், பத்து வயதுப் பையனாக, தாய்மாமனோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். ரப்பர் மரத்தை அங்கே பால்மரம் என்பார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவார். பிறகு பால் வெட்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் இருட்டோடு இருட்டாக வெட்டி, முற்பகலில் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் சேகரித்து, காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும்.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்ததா? இருந்தது. 1923ல் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு தொழிலாளர் சட்டம் போட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் நடந்தது என்ன? பல தோட்டங்களில் ஆயாக்கொட்டகையை ஒட்டி ஒரு கீற்றுச் சாய்ப்பு. வாத்தியார் என்று யார்? தோட்டத்துக் கிராணி, இல்லாவிட்டால் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு தொழிலாளி, சில இடங்களில் கங்காணியே வாத்தியார். காலையில் அப்பா அம்மாவுக்கு மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் அங்கே வந்து உட்காரும். சின்னத் தாத்தா நாலு வகுப்பு படித்தார். கடிதம் எழுதுவார். கூலிச் சிட்டையைப் படித்துப் பார்த்து, கணக்கில் தவறிருந்தால் கிராணியிடம் கேட்பார். அந்த நாலு வகுப்பைக் கடைசிவரை பெருமையாகச் சொல்வார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்வாசல் மட்டுமே உண்டு. படித்து முடித்தால் மறுபடியும் பால்மரத்தடிக்குத்தான் வர வேண்டும்.

ஒரு நாடு, நாலு வாசல்

தோழர்களே, மற்றப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று பாருங்கள்.

மலாய் விவசாயியின் பிள்ளைக்குக் கிராமத்தில் மலாய்ப் பள்ளி. நாலைந்து வருஷம் எழுத்து, கணக்கு, கூடை முடைதல், தோட்ட வேலை. மீனவன் மகனை அவன் அப்பனைவிடச் சற்றே கெட்டிக்கார மீனவனாக்க வேண்டும், விவசாயி மகனைச் சற்றே கெட்டிக்கார விவசாயியாக்க வேண்டும், அதற்குமேல் வேண்டாம். இதுதான் வெள்ளைக்கார அதிகாரிகள் பகிரங்கமாகவே வைத்திருந்த கொள்கை. ஆனால் மலாய் ராஜவம்சத்தாரின் பிள்ளைகளுக்கு? அவர்களுக்கு 1905ல் கோலகங்சாரில் இங்கிலீஷ் படிப்புக்கென்றே தனிக் கல்லூரி கட்டிக்கொடுத்தார்கள். பார்த்தீர்களா, ஒரே ஜாதி, ஒரே பாஷை, ஒரே மதம். ஆனாலும் ஏழை மலாய்க்காரன் பிள்ளைக்குக் கூடை. பிரபுவின் பிள்ளைக்கு உத்தியோகம்!

சீனப் பிள்ளைகளுக்குச் சீனச் சமூகமே பணம் திரட்டிப் பள்ளி வைத்தது. புத்தகமும் வாத்தியாரும் சீனாவிலிருந்து வந்தார்கள். நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் சென்னையிலிருந்து கப்பலில் போயிற்று. காவேரியைப் பற்றிப் படிப்பார்கள். தங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் பெயர் புத்தகத்தில் இருக்காது.

நாலாவது வாசல் பட்டணத்து இங்கிலீஷ் பள்ளி. 1816ல் பினாங்கில் தொடங்கிய பள்ளிதான் முதலாவது. அந்தப் பள்ளியின் கிளையாக அன்று ஆரம்பித்த தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழர்கள் தங்கள் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகச் சொல்கிறார்கள்; 2016ல் அதன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். பட்டணத்து இங்கிலீஷ் பள்ளியில் பணமுள்ள மலாய்க்காரர், சீனர், தமிழர் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கே பாஷையும் மதமும் குறுக்கே நிற்கவில்லை! காசிருந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரலாம். காசில்லாத பிள்ளைகளைத்தான் பாஷைவாரியாகப் பிரித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராதபடி மூன்று மூலையில் உட்கார வைத்தார்கள்.

இது தற்செயலா? வெள்ளைக்காரனுக்கு வயலில் ஒரு கூட்டம், ஈயச் சுரங்கத்தில் ஒரு கூட்டம், ரப்பரில் ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. கூலியைப் பிரித்தான்; குடியிருப்பைப் பிரித்தான்; பள்ளிக்கூடமும் அதன்படியே பிரிந்தது. ஒன்றுசேர்ந்து பேசத் தெரியாத தொழிலாளி மலிவான தொழிலாளி அல்லவா?

வேலைநிறுத்தத்தில் ஒரு கோரிக்கை

இதையெல்லாம் நம்மவர்கள் வாய்மூடிச் சகித்துக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். 1941ல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகள் என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து. கள்ளுக்கடையை மூடு. சங்கம் வைக்க விடு. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: எங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும்.

இதைக் கவனிக்க வேண்டும், தோழர்களே. கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடத்தை வைத்தார்கள். நாலெழுத்துத் தெரியாத தகப்பன்மார் வைத்த கோரிக்கை அது! சர்க்கார் ராணுவத்தை இறக்கியது. துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தலைவர் ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. ஆனால் அந்தக் கோரிக்கையை நசுக்க முடியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு

1957ல் மலேயா சுதந்திரம் அடைந்தது. புதிய நாட்டில் பள்ளிக்கூடம் எந்தப் பாஷையில் நடப்பது? பெரிய விவாதம். 1951ல் வந்த பார்ன்ஸ் அறிக்கை, சீனப் பள்ளியும் தமிழ்ப் பள்ளியும் போகட்டும், மலாயும் இங்கிலீஷும் கற்பிக்கும் ஒரே மாதிரிப் பள்ளி போதும் என்றது. சீனர்களும் தமிழர்களும் எதிர்த்தார்கள். 1956ல் வந்த ரசாக் அறிக்கை நடுவழி சொன்னது: ஆரம்பப் பள்ளி அவரவர் பாஷையில் இருக்கலாம், ஆனால் எல்லாருக்கும் பொதுவான பாடத்திட்டம், மலாய் மொழியை எல்லாரும் படிக்க வேண்டும். அதன்பிறகுதான் நம் பிள்ளைகளின் புத்தகத்தில் அவர்களுடைய சொந்த நாட்டின் ஆறும் மலையும் வந்தன. அது நல்ல காரியம் என்றே நான் சொல்வேன்.

ஆனால் 1961ன் கல்விச் சட்டம், தமிழில் படிக்கும் வழியை ஆறாம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. சர்க்கார் உதவி பெறும் இடைநிலைப் பள்ளி மலாயிலோ இங்கிலீஷிலோதான் நடக்கும். 1970 முதல் இங்கிலீஷும் படிப்படியாக விலகி, மலாய் வந்தது. தமிழை ஒரு பாடமாகப் படிக்கலாம். அதற்கும் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. மந்திரி நினைத்தால் எந்தத் தமிழ்ப் பள்ளியையும் சீனப் பள்ளியையும் மலாய்ப் பள்ளியாக மாற்றலாம் என்பது அந்தப் பிரிவு. தலைக்குமேல் தொங்கிய அந்தக் கத்தி 1996ன் சட்டத்தில்தான் அகன்றது.

என் சித்தப்பா, அதாவது சின்னத் தாத்தாவின் மகன், தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தார். மேலே போக, முதலில் பாஷை பழக ஒரு வருஷம் கூடுதலாகப் படிக்க வேண்டும். அதைப் புகுமுக வகுப்பு என்பார்கள். பள்ளி பன்னிரண்டு மைலுக்கு அப்பால். பஸ் காசு இல்லை. ஒரு வருஷம் போனார். அடுத்த வருஷம் பால் வாளியைத் தூக்கினார். அவரைத் தடுத்தது பாஷையா, பஸ் காசா? இரண்டும்தான். ஆனால் ஊரெல்லாம் என்ன சொன்னார்கள்? "தமிழ்ப் பள்ளியில் படித்தான், அதனால்தான் உருப்படவில்லை" என்றார்கள். பஸ் காசைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தங்கை சொன்ன கதை

சித்தப்பாவின் மகள், என் தங்கை, அதே தோட்டத்துப் பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பையும் தாண்டி, பயிற்சிக் கல்லூரிக்குப் போய், இன்று ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விடுமுறையில் நம் ஊருக்கு வந்து பத்து நாள் தங்கினாள். மூன்று தலைமுறைக்குப் பிறகு அந்தக் கிளையிலிருந்து முதன்முதலாக வந்தவள் அவள்.

அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டேன். காலை ஏழரைக்கெல்லாம் மணி அடித்துவிடும். வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை. எந்த பாஷைப் பள்ளியானாலும் ஆரம்பப் பள்ளிப் பையன்களுக்கு ஒரே உடுப்புத்தான். வாரத் தொடக்கத்தில் வரிசையில் நின்று தேசியகீதம் மலாயில் பாடுவார்கள். பிறகு தலைமையாசிரியர் தமிழில் பேசுவார். கணக்கும் விஞ்ஞானமும் தமிழில். அடுத்த மணி மலாய், அதற்கடுத்தது இங்கிலீஷ். ஏழு வயதுப் பிள்ளை ஒரு காலைப் பொழுதில் மூன்று பாஷைக்குள் புகுந்து வெளியே வருகிறது. இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் பொட்டலமும் இருக்கும், இட்லியும் இருக்கும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் மூன்றுக்கும் விடுமுறை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் பலகாரம் சாப்பிடப் போவதும் உண்டு.

"பள்ளிக்கூடங்கள் எத்தனை இருக்கின்றன?" என்று கேட்டேன்.

"1957ல் 888 இருந்துச்சு அண்ணே. இப்போ சுமார் 530."

காரணம் என்ன தெரியுமா, தோழர்களே? தமிழை வேண்டாமென்று ஜனங்கள் ஓடிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் அழித்து வீட்டு மனை போட்டார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்த குடும்பங்கள் பட்டணத்து ஓரத்து அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடம் மட்டும் செம்பனைக்கு நடுவில் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு தனியே நின்றது. பட்டணத்திலோ, ஜனங்கள் நெருங்கி வாழும் இடத்தில் தமிழ்ப் பள்ளி கிடையாது. அதை அங்கே மாற்றிக் கட்ட நிலம் வேண்டும், அனுமதி வேண்டும், பணம் வேண்டும். பல பள்ளிகள் நிற்கும் நிலம் இன்றும் தோட்டக் கம்பெனியின் நிலம். நிலம் சர்க்காருடையது அல்ல என்பதால் முழு உதவி கிடையாது, பகுதி உதவிதான். கூரை ஒழுகினாலும் பெற்றோர் சங்கம் உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பள்ளிகளை மூடியது பாஷையா, நிலமா?

பதில் சொல்லத் தெரிந்த பையன்

இந்த இடத்தில் நான் உணர்ச்சிவசப்பட்டு, "எது வந்தாலும் தமிழ்ப் பள்ளியை விடக் கூடாது, தங்கச்சி!" என்று மேடைப் பேச்சுப் பேசிவிட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அண்ணே, உங்களுக்குச் சொல்றது சுலபம். நான் தினமும் அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பாக்குறவ."

அவளிடம் படித்த ஒரு பையன். அப்பா லாரியில் சுமை ஏற்றுபவர், அம்மா தொழிற்சாலையில். விஞ்ஞானத்தில் கெட்டிக்காரன். ஆறாம் ஆண்டு முடித்து மலாய் இடைநிலைப் பள்ளிக்குப் போனான். ஒரு நாள் ஆசிரியர் கேட்டாராம்: வெயிலில் வைத்த தண்ணீர் குறைகிறதே, அதற்குப் பெயர் என்ன? பையனுக்குத் தெரியும். ஆவியாதல். அது எப்படி நடக்கிறது, காற்றடித்தால் ஏன் சீக்கிரம் நடக்கிறது, எல்லாம் தெரியும். ஆனால் மலாயில் பெஞெஜாத்தான் என்ற ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் எழுந்து நின்றான். யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்தான். அன்று மூடிய வாயை அவன் அந்தப் பள்ளியில் மறுபடி திறக்கவே இல்லை. கடைசி பெஞ்சுக்குப் போனான். இரண்டாம் படிவத்தில் நின்றுவிட்டான். கார் கழுவும் இடத்தில் வேலை.

"அவனுக்குத் தெரியாம இல்ல அண்ணே. தெரிஞ்சதைச் சொல்ல நாம வழி போட்டுக் குடுக்கல" என்றாள் தங்கை.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அப்புறம் மெதுவாக, "சரி, உன் மகளை எங்கே சேர்த்திருக்கிறாய்?" என்று கேட்டேன். "இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ராத்திரி ராத்திரி அதைத்தான் யோசிக்கிறோம்" என்றாள். தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கே அந்தத் தயக்கம். நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஏன் தெரியுமா? என் வீட்டிலும் அதே சண்டை நடந்திருக்கிறது. என் மகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட வேண்டுமென்று என் மனைவி சொன்னாள். கூடாது என்று நான் சொன்னேன். "உங்கள் கொள்கைக்கு என் பிள்ளையைப் பலி கொடுக்காதீர்கள்" என்றாள். ஏழைத் தாய்க்கு அந்தப் பயம் வருவது நியாயம். பயத்துக்குப் பதில் உபதேசம் அல்ல, ஏற்பாடு.

மாலை வகுப்பு

தங்கையும் வேறு இரண்டு ஆசிரியர்களும் என்ன ஏற்பாடு செய்தார்கள்? அந்தப் பையனின் தம்பி ஐந்தாம் ஆண்டில் இருந்தான். அவனைப் போன்ற பிள்ளைகளைச் சேர்த்து, அடுக்குமாடியின் கீழ்த்தளத்துப் பொது மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். பாடத்தைத் தமிழில் விளங்கிக்கொள்வது. பிறகு அதையே மலாயில் சொல்லிப் பழகுவது. சொல்லிக்கொடுக்க வந்தவர் யார்? பக்கத்துக் கம்பத்தைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற ஒரு மலாய் ஆசிரியர். ஆசிரியரை அங்கே சிக்கு என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பணம் வாங்க மறுத்துவிட்டார். தங்கை வீட்டுத் தோசை மட்டும் சாப்பிடுவாராம்.

அவர் ஏன் வந்தார்? அவருடைய தகப்பனாரும் பால்மரம் வெட்டியவர்தான். பாலிங் பக்கத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் சொந்த ரப்பர் வைத்திருந்த ஏழை விவசாயி. 1974ல் ரப்பர் விலை விழுந்தபோது பாலிங்கில் மலாய் விவசாயக் குடும்பங்கள் பசியால் தவித்தன. ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகத் திரண்டார்கள். அவர்களுக்கு ஆதரவாகக் கோலாலம்பூரில் மாணவர்கள் போராட, ஏராளமானவர்களைப் பிடித்து அடைத்தார்கள். "ரப்பர் விலை விழுந்தால் உங்கள் லயத்திலும் பட்டினி, எங்கள் கம்பத்திலும் பட்டினி, மரத்துக்குப் பாஷை தெரியாது" என்று அந்தச் சிக்கு சொன்னாராம்.

தம்பிப் பையன் புகுமுக வகுப்புக்குப் போனான். அங்கே பக்கத்தில் உட்கார்ந்தவன் சீனப் பள்ளியிலிருந்து வந்த ஒரு காய்கறி வியாபாரியின் மகன். அவனுக்கும் மலாய் தட்டுத் தடுமாறித்தான் வரும். தடுமாறுகிற இருவரும் தடுமாறிய மலாயில் பேசிப் பேசிச் சிநேகிதர்களானார்கள். மாலை வகுப்புக்கு அவனையும் இவன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். தங்கை ஊருக்கு வந்தபோது இருவரும் மூன்றாம் படிவத்தில் ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரித்தது எது?

அந்த நாட்டில் சிலர், பிள்ளைகள் பிரிந்திருப்பதற்குத் தமிழ்ப் பள்ளியும் சீனப் பள்ளியும்தான் காரணம், அவற்றை மூட வேண்டும் என்று சொல்கிறார்கள். வழக்குக்கூடப் போட்டார்கள். அந்தப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்று 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. 2024 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. சட்டப்படி பள்ளிகள் நின்றன. ஆனால் தீர்ப்பு மட்டும் ஒரு பிள்ளையின் வாயைத் திறந்துவிடுமா?

பிள்ளைகள் சேர்ந்து உட்காரவேண்டும் என்பது நியாயமான ஆசை; அதை நான் மறுக்கவில்லை. மூன்று பாஷைப் பிள்ளைகள் பன்னிரண்டு வயது வரை ஒருவரையொருவர் பார்க்காமல் வளர்வது நாட்டுக்கு நல்லதல்ல. ஆனால் அவர்களைப் பிரித்தது தாய்மொழி அல்ல. தோட்டம் பிரித்தது, சுரங்கம் பிரித்தது, கூலி பிரித்தது, நிலம் பிரித்தது. தாய்மொழியைப் பிடுங்கினால் பிரிவினை போய்விடாது. பிள்ளையின் கையிலிருக்கும் ஒரே விளக்கு போய்விடும். அதுபோலவே, தாய்மொழியைக் கொடுத்துவிட்டு, நாட்டின் பொது மொழிக்கு வழி காட்டாமல் விட்டால், விளக்கைக் கொடுத்துக் கதவைப் பூட்டியது போலாகும்.

ஆகவே மூன்றும் வேண்டும். தாய்மொழியில் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்டு மொழியில் துணிந்து பேச வேண்டும். மற்றப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். இதில் ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடு என்று தொழிலாளியிடம் யார் சொன்னாலும், பணக்காரன் பிள்ளைக்கும் அதையே சொல்வீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

நம் ஆலை வாசலில்

இப்போது கடைசி விஷயம். இந்தக் கதையை எதற்காகச் சொன்னேன்?

நம் ஆலைகளில் இன்று யார் வேலை செய்கிறார்கள்? ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள். நடவுக்கும் அறுப்புக்கும்கூட வருகிறார்கள். சிலர் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். ஆலைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைகளைப் பாருங்கள். அங்கே பகலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி நேரத்தில் ஏன் விளையாடுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

போன வாரம் நான் போய்ப் பார்த்தேன். ஏழு பிள்ளைகள். பள்ளிக்கு ஒருவர்கூடப் போகவில்லை. ஒரு தாயிடம் கேட்டேன். நாலு தமிழ் வார்த்தையும் நாலு இந்தி வார்த்தையுமாக அவள் சொன்னது இதுதான்: பையனை இரண்டு நாள் அனுப்பினோம், வாத்தியார் சொல்வது புரியவில்லை, பிள்ளைகள் சிரித்தார்கள், மறுபடி போகமாட்டேன் என்கிறான்.

தோழர்களே, அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. கெடாவில் என் தங்கையின் மாணவனைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியது அதே சிரிப்பு. அன்று கடல் கடந்து போன நம் சின்னத் தாத்தா இன்று ஒடியா பேசிக்கொண்டு நம் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். 1937ல் அந்த ஊர்க்காரர்களிடம் அவர் எதை எதிர்பார்த்திருப்பாரோ, அதை நாம் செய்கிறோமா? "வடக்கத்தியான் வந்து கூலியைக் குறைத்துவிட்டான்" என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். கூலியைக் குறைத்தது அவனா? கிள்ளானில் தமிழனுக்கு ஒரு கூலி, சீனனுக்கு ஒரு கூலி என்று வைத்தவன் யார்? அதே கணக்குத்தான் இங்கேயும் நடக்கிறது. அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி என்று கேட்டால் கணக்கு நேராகும். அவன் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் அடுத்த தலைமுறையில் அந்தக் கணக்கைப் போடவே முடியாது.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாலு தோழர்களும் இரண்டு தாய்மார்களும் என்னோடு அந்தக் கொட்டகைக்கு வர வேண்டும். ஏழு பிள்ளைகளின் பெயர்களை எழுதுவோம். திங்கட்கிழமை நாமே கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளியில் சேர்ப்போம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்மவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பாஷையில் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று குழுவில் எழுத்து மூலம் கேட்கட்டும். அதுவரை இந்தப் படிப்பகத்தில் வாரம் இரண்டு மாலை தமிழ் வகுப்பு. அந்த ஆலையிலேயே பிளஸ் டூ படித்த ஒடியா வாலிபர் ஒருவர் இருக்கிறார். ஷிப்டு முடிந்து வந்து உதவுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கரும்பலகை இருக்கிறது. சாக்கட்டிக்கு நான் பொறுப்பு.

இன்னொன்று. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று வார்த்தை வராமல் தடுமாறினால் சிரிக்காதே. அந்த வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடு என்று சொல்லுங்கள்.

தங்கை போன மாதம் செல்பேசியில் பேசினாள். மகளைத் தமிழ்ப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டாளாம். மாலை வகுப்பில் இப்போது முப்பது பிள்ளைகள். நாலு பேர் சீனப் பிள்ளைகள். சிக்குவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வருகிறாராம். கார் கழுவப் போன மூத்த பையன் வேலை முடிந்து வந்து கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்து கேட்கிறானாம். தனியாகப் பரீட்சை எழுதலாமா என்று ஒரு நாள் தானாகவே கேட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி, தோழர்களே. யார் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள், பெயர் எழுதிக்கொள்கிறேன்.